காசிச் சாமியாரின் கசெற்

வெள்ளிக்கிழமை காலை. விளக்கேற்றி, சாம்பிராணி காட்டி, கசெற்றையும் போட்டுவிட்டுத் தேவாரப் புத்தகத்தைக் கையில் எடுத்த நேரம் கதவு மணி அடித்தது. ஸ்டுட்கார்ட்டில் அந்த நேரத்தில் எங்கள் மணியை அடிப்பவர் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா ஒருவர்தான். சாம்பிராணி மணம், பாட்டுச் சத்தம், பிள்ளைகள் படியில் ஓடுவது, ஏதாவது ஒன்று அவருக்கு இருக்கும். நான் றேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒரு சிரிப்பையும் முகத்தில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

நின்றவர் மேல்மாடி இஞ்சினியர். இந்தியத் தமிழர், தனி ஆள், முப்பது வயதுக்குள் இருக்கும். குடிவந்து ஒரு வருடமாகியும் படியில் கண்டால் தலையாட்டுவதோடு போய்விடுவார்.

"சாரி ஆன்ட்டி, டிஸ்டர்ப் பண்ணிட்டேனா?"

"சத்தம் கூடவோ தம்பி? குறைச்சுப்போட்டன்."

"ஐயோ, குறைக்காதீங்க! அதுக்குத்தான் வந்தேன். ஃப்ரைடே ஃப்ரைடே நீங்க போடுற அந்த ரெக்கார்டிங் யார் பாடினது? ஒரு மாசமா உங்க கதவுக்கு வெளியே படியில உக்காந்து கேட்டுட்டுத்தான் ஆபீஸ் போறேன்."

ஒரு மாதமாக ஓர் ஆள் என் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார், நான் உள்ளே ஒன்றும் தெரியாமல் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது எங்கட வீட்டுச் சாமிப் பாட்டு" என்றேன்.

"ஹிந்துஸ்தானி ஆன்ட்டி. நான் காலேஜ் படிக்கிறப்ப கொஞ்ச நாள் கத்துக்கிட்டேன். ஆனா இந்த மாதிரி ஒண்ணு கேட்டதே இல்ல. கேசட்டா? ஒரு நிமிஷம் பாக்கலாமா?"

"குளிக்காமல் நாங்கள் அதைத் தொடுறேல்லை."

"குளிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

அதற்கு மேல் என்ன சொல்வது? கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகை அடகு பிடிக்கிற அடைவுகடைக்காரர் சங்கிலியைப் பார்க்கிற பார்வை. எந்த வருடம், யார் பதிந்தது, வேறு கசெற்றுகளும் இருக்கிறதா என்று கேட்டார். கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுத்தார். "ரொம்ப ரேர் ஆன்ட்டி, ரொம்ப ரேர்" என்று சொல்லிக் கசெற்றைத் திருப்பித் தந்துவிட்டுப் படியேறினார். நான் கதவைப் பூட்டிச் சங்கிலியையும் போட்டேன்.

அந்தக் கசெற் என் மாமாவுடையது, அதாவது என் வீட்டுக்காரரின் தகப்பனாருடையது. மாமா அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு வட இந்திய முதலாளியின் துணிக்கடையில் வேலைசெய்தவர். முதலாளியிடம் இருந்த பாட்டுக் கசெற் ஒன்றை இரவல் வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், இரண்டு றேடியோவை நேருக்கு நேர் வைத்து ஒன்றில் பாடவிட்டு மற்றதில் பதிந்தாராம். முதலாளியின் கசெற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பதிந்ததுதான் எங்கள் வீட்டுச் சொத்து.

முதலில் ஆறு தடவை மணி அடிக்கும். அடிவயிற்றில் போய் விழுகிற மாதிரி ஆழமான மணி. பிறகு தம்பூரா. பிறகு அந்தக் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் ஆண் குரல், ஒரு அவசரமும் இல்லாமல். கங்கைக் கரையில் காசிச் சாமியார் ஒருவர் பூசை மணி அடித்து முடியப் பாடத் தொடங்கினார் என்பது எங்கள் வீட்டுக் கதை. அதை யார் முதலில் சொன்னார்கள் என்று நான் கேட்டதில்லை. நடுவில் ஓரிடத்தில் மாமா வீட்டுச் சேவல் கூவுவதும் பதிந்திருக்கும். சேவலுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுவோம்.

வீட்டில் குழந்தை பிறந்தால் முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் தீட்டை, துடக்கை, கழிக்கும்போது இந்தக் கசெற்றைப் போட வேண்டும். குடும்பத்தில் மூத்தவர் குழந்தையை மடியில் வைத்திருப்பார். ஆறு மணியும் அடித்து, சாமியாரின் குரல் எழும்பிய பிறகுதான் குழந்தையின் காதில் பெயர் சொல்வது. என் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தோம். மாமாவின் திவசத்தைச் செய்கிற ஆண் பிள்ளையின் வீட்டில் கசெற் இருக்கும் என்பதும் ஒழுங்கு. என் வீட்டுக்காரர் ஒரே மகன். அதனால் அது எங்களிடம் இருந்தது.

இது மச்சாளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. என் வீட்டுக்காரரின் அக்கா அவர், கொலோனில் இருக்கிறார். வருகிறபோதெல்லாம் சுவாமி அறைக்குள் போய், கசெற்றைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு மூத்த பிள்ளை நான். காய்ச்சலுக்குப் பக்கத்தில இருந்தது நான். கசெற் மட்டும் உம்மட்டை" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் நான் அதைத் தூசி துடைத்துவைக்கிறேனா, அதில் குங்குமம் புதிதாக இருக்கிறதா என்று அவர் கண் ஓடுவதை நான் பார்க்காமல் இருந்ததில்லை.

அந்த வருடம் மச்சாளின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை, மச்சாளின் முதல் பேரன். செய்தி சொல்ல எடுத்த தொலைபேசியிலேயே மச்சாள் கேட்டார்:

"கசெற் பத்திரமா இருக்குத்தானே?"

"ஓம் மச்சாள். நாங்கள் கொண்டுவாறம்."

"மறந்துபோய் வேற கசெற்றைத் தூக்கிக்கொண்டு வந்திடாதையும்."

அவர் சொன்ன வாயோ என்னவோ, அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் றேடியோ கசெற்றைத் தின்றுவிட்டது. குரல் ஒருமுறை இழுபட்டு, கரகரத்து, நின்றது. திறந்து பார்த்தால் நாடா உள்ளே சுற்றிச் சுற்றிச் சிக்கிக் கிடந்தது. பிள்ளையாரே என்று கும்பிட்டுக்கொண்டு ஒரு ஊசியால் மெல்ல மெல்ல எடுத்தேன். அறவில்லை, ஆனால் சுருங்கிப்போயிருந்தது. பேனையை விட்டுச் சுற்றி உள்ளே இழுத்தேன். மறுபடி போடப் பயம்.

"மேல்வீட்டுப் பெடியனிட்டைக் குடுப்பம். அவர் உதுகளில கெட்டிக்காரன்போல கிடக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அவரிட்டையோ? அந்தாளின்ர பார்வையே எனக்குச் சரியாப் படேல்லை."

"வேற ஆரிட்டைக் குடுக்கிறீர்? இஞ்ச கடையில கேட்டால் புதுசு வாங்கச் சொல்லுவான்."

வேறு வழி இல்லை. நானே மேலே போனேன். நான் பக்கத்தில் இருக்கும்போதே செய்து தரும்படி கேட்டேன். அவர் சிரித்தார். "இது இன்ஸ்டன்ட் சூப் மாதிரி இல்ல ஆன்ட்டி, டைம் எடுக்கும். கம்ப்யூட்டர்ல ஏத்தி சிடி போட்டுத் தர்றேன். வேற என்ன கேசட் இருந்தாலும் குடுங்க." வேறு ஒன்றும் இல்லை என்று சொன்னேன். இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

நான் அப்போது பின்னேரங்களில் ஒரு பல் வைத்தியரின் இடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். இரண்டு மூன்று நாள் கழித்து வேலையால் வந்தபோது மேசையில் ஒரு சிடி இருந்தது.

"வந்து தந்திட்டுப் போனவர். நல்ல பெடியன்" என்றார் இவர்.

"கசெற் எங்கை?"

"அது... மியூனிக்கில தன்ர பாட்டு வாத்தியாருக்கு ஒருக்காக் காட்டவேணுமாம். கொண்டுபோட்டு வரட்டோ எண்டு கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டனான். அதுக்கென்ன?"

இவருடைய குணம் அது. யார் எதைக் கேட்டாலும் ஓம் என்பார். தொழிற்சாலையில் ஜெர்மன்காரர் விளங்காத வேகத்தில் எது சொன்னாலும் யா, யா என்று தலையாட்டிப் பழகிய கழுத்து. நான் போய் அடுப்பைத் துடைக்கத் தொடங்கினேன். பேசினால் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றிச் சிடியைப் போட்டேன். முதலில் டிங், டிங் என்று என்னவோ மெல்லிய சத்தம், சமையலறை அடுப்பு நேரம் முடிந்தால் அடிப்பதுபோல. தம்பூரா அவசரமாக ஓடியது. பிறகு ஒரு பெண் பாடினார்.

கூப்பிய கை அப்படியே நின்றது. நல்ல குரல்தான், நான் பொய் சொல்லக்கூடாது. ஆனால் யாரோ ஒரு பெண். என் சாமியார் இல்லை. எனக்குத் தெரிந்த அதே வளைவுகளில் அவர் போவதுபோலவும் இருந்தது, அது இன்னும் பயமாக இருந்தது. யாரோ எங்கள் வீட்டுக்குள் நுழைந்து என் சேலையை உடுத்துக்கொண்டு நிற்பதுபோல.

இவரை எழுப்பிக் கேட்க வைத்தேன். நித்திரைக் கலக்கத்தில் கேட்டுவிட்டு, "இது வேற ஆள்" என்றார்.

"இப்ப சொல்லுங்கோ நல்ல பெடியன் எண்டு."

இஞ்சினியரின் கைத்தொலைபேசிக்கு அடித்தேன். எங்கள் தலைக்கு மேலே, கூரைக்குள், அது ஒலிப்பது கேட்டது. எடுக்கவில்லை. மேலே ஓடிப்போய் மணியை அடித்தேன். கதவு திறக்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன். உள்ளே ஆள் நடமாடுகிற அசுமாத்தமும் இல்லை. கீழே வந்து மறுபடி அடித்தேன், மறுபடி மேலே ஒலித்தது. ஆள் உள்ளே ஒளித்திருக்கிறார் என்றே முடிவு செய்தேன்.

அன்று பிளாஸ்ரிக் குப்பை எடுக்கும் நாள். வேலைக்குப் போக வெளியே வந்தபோது வீதியோரத்தில் மஞ்சள் பைகள் இன்னும் எடுபடாமல் வரிசையாக இருந்தன. உள்ளே கிடப்பதெல்லாம் தெரிகிற மெல்லிய பை. நான் யாருடைய குப்பையையும் பார்க்கிறவள் இல்லை. ஆனால் ஒரு பையின் ஓரத்தில், தயிர்க் கோப்பைக்கும் ஷாம்பூப் போத்தலுக்கும் நடுவில், ஒரு சிவப்பு நிறம் கண்ணில் பட்டது. குங்குமச் சிவப்பு. குனிந்து பார்த்தேன். எங்கள் கசெற்றின் வெள்ளைக் கூடு, இரண்டாக உடைந்து.

பையைக் கிழித்துவிட்டேன். நடு வீதியில், வேலைக்குப் போகிற உடுப்போடு, முழங்காலில் இருந்து அந்த இரண்டு துண்டையும் எடுத்தேன். உள்ளே நாடா இல்லை. மாமா பேனையால் போட்ட பிள்ளையார் சுழி மட்டும் பாதி இந்தத் துண்டிலும் பாதி அந்தத் துண்டிலும் இருந்தது. தயிர்க் கோப்பைகள் உருண்டு வீதிக்குப் போயின. கீழ்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து, "வாஸ் மாகன் ஸீ தென் டா?" என்று கத்தினார். என்ன செய்கிறேன் என்று நான் எந்தப் பாஷையில் அவருக்குச் சொல்வது? எல்லாவற்றையும் பொறுக்கித் திரும்பப் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டு, துண்டுகளைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். வேலை முடியும்வரை அழுதுகொண்டுதான் துடைத்தேன்.

சாமியார் போனது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் மச்சாள். இந்தக் கசெற் தொலைந்தது என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்தில் நான் இனி தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். கசெற் வந்தால் நூற்றெட்டுத் தேங்காய். பிறகு யோசித்து அதைப் பதினொன்றாக்கினேன், ஏனென்றால் எங்கள் கோயில் ஒரு பழைய சாமான் களஞ்சியக் கட்டடத்தில் இருக்கிறது. அங்கே தேங்காயை வெளியே வாளிக்குள்தான் உடைக்க வேண்டும், கட்டடக்காரன் ஏசுவான்.

அன்று இரவே மச்சாள் எடுத்தார்.

"சாமானெல்லாம் வாங்கியாச்சு. கசெற் இருக்குத்தானே?"

"ஓம் மச்சாள்."

"என்ன, குரல் ஒருமாதிரிக் கிடக்கு?"

"தடிமன் மச்சாள், மூக்கடைப்பு."

"தடிமனோ" என்றார். "எங்கை, ஒருக்காப் போட்டுக்காட்டும். போனைக் கிட்டப் பிடியும்."

"இப்பவோ? பிள்ளையள் படிக்குதுகள்..."

"படிக்கட்டும். சாமியாற்ற குரலைக் கேட்டால் நல்லாப் படிக்குங்கள்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் தொலைக்காட்சியைப் பார்த்தார். வேறு என்ன செய்ய? சிடியைப் போட்டேன். தொலைபேசிக்குள்ளால் போனால் எல்லாக் குரலும் ஒன்றுதானே என்று ஒரு நப்பாசை. நாலு நொடி பொறுத்தார்.

"ஆரடி உது பொம்பிளை?"

நான் ஓடிப்போய்ச் சிடியை நிறுத்தினேன்.

"கசெற்றை என்ன செய்தனி? வித்துப்போட்டியோ?"

நீர், உம்மட்டை என்று இருந்தது நீ என்று ஆனதிலேயே எனக்கு எல்லாம் விளங்கியது.

"வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் வந்து இறங்கினார். பேரனைப் பார்க்காமல், பிள்ளை பெற்ற மகளைத் தனிய விட்டுவிட்டு, ரயிலேறி வந்திருக்கிறார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். உடைந்த கூட்டைக் காட்டினேன். அவர் அதைக் கண்ணில் ஒற்றிவிட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குத் திருப்பித் தரவில்லை.

"அவன் திருடன் எண்டு நீ சொல்லுறாய்."

"பின்ன என்ன மச்சாள்?"

"திருடனிட்டைக் கொண்டுபோய்க் குடுத்தது ஆர்?"

இவர் எழும்பிப்போய் அடுப்பில் தேத்தண்ணி வைத்தார். மேல்வீட்டுக் கதவு திறபடும் சத்தத்துக்காக அன்று இரவு முழுக்க மூன்று பேரும் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். ஞாயிறு பின்னேரம்தான் படியில் காலடி கேட்டது. மச்சாள் எழும்பி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைத் திறந்து படியிலேயே மறித்தார்.

"தம்பி, உள்ளுக்கு வாரும்."

அவர் முதுகில் பையோடும் கையில் ஒரு இனிப்புப் பெட்டியோடும் நின்றார். பொலிஸ் மாதிரி நாங்கள் நின்றதைப் பார்த்து அவர் முகம் மாறியது.

"என்ன ஆன்ட்டி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"கசெற் எங்கை?" என்றேன்.

"இதோ." சட்டைப் பையிலிருந்தே எடுத்தார். புதுக் கசெற். உள்ளே தெரிகிற கண்ணாடிக் கூடு.

"இது எங்கடை இல்லை."

"உங்களுதுதான். பழைய கூட்டுக்கு ஸ்க்ரூ கிடையாது, ஒட்டினது. உடைச்சாத்தான் நாடாவை எடுக்க முடியும். புதுக் கூட்டுல மாத்தியிருக்கேன்."

"பிறகேன் போன் எடுக்கேல்லை? மேல அடிச்சது கேட்டது."

"போனை வீட்டுலயே மறந்துட்டுப் போயிட்டேன். மூணு நாளா நான் பட்ட பாடு..."

மச்சாள் இதொன்றையும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும்தான். "உதெல்லாம் கிடக்கட்டும்" என்றார் மச்சாள். "சிடியில பாடுறது ஆர்?"

"அதே ஆள்தான்."

"அது பொம்பிளை. எங்கட சாமியார் ஆம்பிளை."

"சாமியாரா?" என்று அவர் என்னைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். "அங்கிள், நான் சொன்னேனே? கேசட் ஸ்லோவா ஓடுது, ஸ்பீடைக் கரெக்ட் பண்ணியிருக்கேன், அப்பத்தான் ஒரிஜினல் வாய்ஸ் வருதுன்னு?"

நாங்கள் இருவரும் இவர் பக்கம் திரும்பினோம்.

"என்னவோ சொன்னவர். எனக்கு விளங்கேல்லை" என்றார் இவர். "ஓம் எண்டனான்."

"டேய்!" என்றார் மச்சாள்.

இஞ்சினியர் பையிலிருந்து கணினியை எடுத்துத் தரையில் வைத்துத் திறந்தார். முதலில் பழையபடி போட்டுக் காட்டினார். ஆறு மணி, தம்பூரா, சாமியாரின் குரல். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மச்சாள் அவரையும் அறியாமல் கும்பிட்டார். பிறகு பையன் விரலால் ஏதோ ஒன்றை மெல்ல மேலே தள்ளினார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து ஏறிவந்தது. எங்கள் கண் முன்னாலேயே, ஒரு இடத்தில்கூட அறாமல், சாமியார் பெண்ணாகிவிட்டார்.

"மாயம்" என்றார் மச்சாள். "கொம்பியூட்டரில கழுதையையும் குதிரையாக்கலாம். எது சரியெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"இந்த மணி இருக்கு பாருங்க ஆன்ட்டி. இது கோயில் மணி இல்ல. ரேடியோவுல டைம் சொல்றதுக்கு முன்னாடி போடுற சிக்னல். யாரோ ரேடியோ கச்சேரியைப் பதிஞ்சிருக்காங்க. செகண்டுக்கு ஒண்ணுதான் அடிக்கும். உங்க கடிகாரத்தை எடுங்க."

மச்சாள் சுவரிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பழையபடி போட்டபோது நொடிமுள் முந்தி ஓடியது. திருத்தினதைப் போட்டபோது அடியும் முள்ளும் சேர்ந்து போயின. மூன்று தரம் போட வைத்தார். மணிக்கூட்டில் பற்றறி புதுசா என்று என்னிடம் கேட்டார்.

ஆனால் மச்சாள் இலேசில் விடுகிற ஆள் இல்லை. "கொஞ்சம் தள்ளி, சேவல் கூவுற இடத்தைப் போடும்."

போட்டார். திருத்தினதில் எங்கள் மாமா வீட்டுச் சேவல், நெருப்பில் மிதித்ததுபோல, கீச்சென்று கூவியது.

"உம்மட சிடி சரியெண்டால் எங்கட சேவல் எப்பிடிக் குஞ்சாப் போச்சு? சொல்லும் பாப்பம்!"

இஞ்சினியர் கணினிக்கு மேல் குனிந்தார். இத்தனை பெரிய கணினியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி அவருக்கு வரவில்லை என்பது தெரிந்தது. பழையபடி போட்டார். சேவல் சேவலாகக் கூவியது. திருத்தினதைப் போட்டார். குஞ்சு. ஒரு கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பார்க்கத் திருப்தியாக இருந்தது, பிடிபட்டார் என்று.

பேசியது இவர்.

"அக்கா, சேவல் வெளியில நிண்டது. பாட்டுத்தான் றேடியோவுக்குள்ள நிண்டது."

"என்ன சொல்லுறாய்?"

"அப்ப எங்கட வீட்டில கரண்ட் இல்லைத்தானே. பற்றறியில பாடவிட்டுத்தான் அப்பா பதிஞ்சவர். புதுப் பற்றறி ரெண்டு பதியிற றேடியோவுக்கு. பாடுற றேடியோவுக்குப் பழசு. நான்தான் அதுகளைக் கூரையில வெயிலுக்குக் காயவைச்சு எடுத்துக் குடுத்தனான்."

வெயிலில் காயவைத்த பற்றறி எப்படி ஓடும் என்று எங்கள் ஊர் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டு இழுத்து இழுத்துத்தான் போகும். பாடினது இழுபட்டது, வெளியே கூவினது இழுபடவில்லை. இரண்டும் ஒரே நாடாவில் ஏறிவிட்டன. இஞ்சினியர், "பேட்டரியை வெயில்லயா?" என்று இரண்டு தரம் கேட்டார், பிறகு இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்ப பாட்டு கரெக்டா இருந்தா கோழி தப்பு. கோழி கரெக்டா இருந்தா பாட்டு தப்பு. ரெண்டையும் சேர்த்துச் சரி பண்ணவே முடியாது அங்கிள்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடம் நான் யாரைக் கும்பிட்டேன்? பிள்ளைகளின் காதில் பெயர் சொன்னபோது யார் சாட்சி? எங்கேயோ ஒரு ஊரில், றேடியோ நிலையத்துக்குப் போய்ப் பாடிவிட்டு, வீட்டுக்கு வந்து சமைத்திருக்கக்கூடிய ஒரு பெண். பெயர் என்ன என்று கேட்டேன். தன் வாத்தியாருக்கும் தெரியவில்லை என்றார் இஞ்சினியர், அவர் கேட்டு அழுதாராம். அதையும் நான் முழுக்க நம்பவில்லை. தெரிந்தாலும் சொல்லமாட்டார்கள் என்று ஒரு எண்ணம்.

மச்சாள் மணிக்கூட்டை மடியிலிருந்து எடுத்து என்னிடம் தந்தார். பிறகு சொன்னார்:

"அப்பாவுக்குத் தெரியும்."

"என்ன அக்கா?"

"பொம்பிளை எண்டு. முதலாளியின்ர கடையில கரண்ட் இருந்ததுதானே? அங்கை கேட்டுப் பிடிச்சுப்போய்த்தானே இரவல் வாங்கினவர்? அப்ப அவருக்குத் தெரியும். நாங்கள் சாமியார், சாமியார் எண்டு கும்பிடேக்கை வாய் திறக்காமல் இருந்தவர்." அவருடைய குரல் தாழ்ந்தது. "ஏன் சொல்லேல்லை? ஆர் அந்தப் பொம்பிளை?"

"றேடியோவில பாடினதக்கா. அப்பாவுக்கு அவவை எங்கை தெரியும்?"

"உனக்கு எல்லாத்துக்கும் ஓம். கொழும்பில வருஷக்கணக்காத் தனியத்தானே இருந்தவர்?"

என் மேல் இருந்த சந்தேகம் அந்த நிமிடத்தில் செத்துப்போன மாமாவின் மேல் போய் ஏறியதை நான் கண்டேன். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு வேலையைச் செய்து கெடுத்துவிட்டோமே, அதைத் திரும்பச் செய்ய இன்னொரு புதுப் பற்றறிக்கு வழியில்லையே என்று, பாவம், அந்த மனுஷன் பேசாமல் விட்டிருக்கலாம். அல்லது பிள்ளைகள் கும்பிடுகிறார்கள், கும்பிடட்டும் என்று விட்டிருக்கலாம். மாமாவை நான் படத்தில் மட்டும் பார்த்தவள். ஆனாலும் அவருக்காகப் பேச வேண்டும்போல இருந்தது. மணிக்கூட்டைத் திரும்பச் சுவரில் மாட்டினேன்.

முப்பத்தோராம் நாள் கொலோனுக்குப் போனோம். மச்சாளின் மகள் குழந்தையை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டுவந்து தாயின் மடியில் வைத்தாள். மச்சாள் பக்கத்தில் இரண்டும் இருந்தன, கசெற்றும் சிடியும். எதைப் போடுவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தையின் தகப்பன், "மாமி, ஐயருக்கு வேற டெர்மின் இருக்கு, இந்த நேரத்துக்கு இன்னொரு வீட்டுக்குப் போகவேணுமாம்" என்று அவசரப்படுத்தினார்.

"சிடியைப் போடு" என்றார் மச்சாள். "சாமி எண்டு கும்பிட்டம். இனி அம்மன் எண்டு கும்பிடுவம். என்ர பேரனுக்குப் பொய் வேண்டாம்."

அந்தப் பெண் பாடினார். குழந்தை விழித்துக்கொண்டு கண்ணை அகல வைத்திருந்தது. மச்சாள் குனிந்து காதில் பெயரைச் சொன்னார். சேவல் கீச்சிட்டபோது மகள் சிரித்துவிட்டாள். நான் கும்பிட்டபடியே நின்றேன். குரல் வேறுதான், ஆனால் கையைக் கீழே இறக்க மனம் வரவில்லை.

சாப்பாடு முடிந்து நாங்கள் புறப்படும்போது நான் கசெற்றை எடுக்கக் கை நீட்டினேன். மச்சாளின் கை முந்திவிட்டது.

"இது இனி என்னட்டை இருக்கட்டும்."

"திவசத்துக்கு வேணுமே மச்சாள்."

"திவசத்துக்குச் சிடி இருக்கு. இதை நீர் ஊர் ஆக்களுக்கெல்லாம் இரவல் குடுப்பீர்."

கொடுத்தது நான் இல்லை. மச்சாளுக்கும் அது தெரியும். நான் இவரைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு சொல், இல்லை அக்கா என்று சொன்னால் போதும்.

"ஓம், அக்காவிட்டையே இருக்கட்டும்" என்றார் இவர்.

பதினொரு தேங்காயையும் உடைத்தேன். கசெற் வந்தால் என்றுதான் நேர்ந்தேன், யாரிடம் வந்தால் என்று பிள்ளையாரிடம் சொல்ல மறந்துவிட்டேன். இஞ்சினியர் இப்போதும் படியில் கண்டால் நின்று பேசுவார். நானும் பேசுவேன், ஆனால் உள்ளே கூப்பிடுவதில்லை.

அடுத்த வருடம் மாமாவின் திவசத்துக்கு மச்சாள் வந்தார். சிடி வேண்டாம் என்றார். கைப்பையைத் திறந்து கசெற்றை எடுத்து, தான் கொண்டுவந்த புது றேடியோவில் தன் கையாலேயே போட்டார். சாமியாரின் பழைய குரல். பேரனுக்குப் பொய் வேண்டாம் என்றவர், தகப்பனின் படத்துக்கு முன்னால் கண்ணீர் வழியக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் அழுதேன். முடிந்ததும் எடுத்துத் துடைத்து, திரும்பக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து மூடினார். படையல் சாப்பாட்டை நான்தான் பரிமாறினேன். சாப்பிடும்போது கைப்பை மடியில் இருந்தது. கை கழுவ எழும்பினபோது அதையும் தோளில் போட்டுக்கொண்டுதான் குளியலறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.